சுதர்சனுக்குக் குவாண்டம் ஒளியியல் சொல்லிக்கொடுத்தது யார்?

நிலாத்தடம்:

இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சனைப் பற்றி எந்த வாழ்க்கைக் குறிப்பை எடுத்தாலும் ஒரே பாட்டுதான். 1931இல் கோட்டயத்தை ஒட்டிய பள்ளம் என்ற ஊரில் பிறந்தார். சி.எம்.எஸ். கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னை கிறித்தவக் கல்லூரிக்கு வந்தார், 1951இல் ஆனர்ஸ். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பிறகு பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம், ராபர்ட் மார்ஷாக்கிடம் 1958இல் முனைவர் பட்டம். நடுவில் ஹார்வர்டில் ஜூலியன் ஷ்விங்கரோடு இரண்டு ஆண்டு. இவ்வளவும் நிதானமாகச் சொல்லிவிட்டு, குறிப்பு எழுதுகிறவர் சட்டென்று 1963க்குத் தாவி, "குவாண்டம் ஒளியியலுக்கு அடித்தளமிட்டார்" என்று ஒரு வரி போட்டுக் கிளம்பிவிடுகிறார்.

எனக்கு இடிக்கிற இடம் அதுதான். மார்ஷாக் அணுக்கரு விசை, மெசான் என்று வாழ்ந்தவர். சுதர்சனின் ஆய்வேடு பீட்டா சிதைவுக்குக் காரணமான வலுவற்ற இடைவினை பற்றியது. ஷ்விங்கரிடம் இருந்தது புலக் கோட்பாடு. இந்த வரிசையில் லென்ஸைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க, ஒளியின் புள்ளியியல் பற்றி இன்றுவரை எல்லாரும் பயன்படுத்தும் சூத்திரத்தை ஒரு துகள் இயற்பியல்காரர் எங்கிருந்து கொண்டுவந்தார்? நெறியாளர் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் யார்?

பழைய வாத்தியார்:

எமில் வுல்ஃப். ஒரே பெயரில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

வுல்ஃபின் கதையே தனி. 1922இல் பிராகில் பிறந்தவர். நாஜிகள் நுழைந்ததும் ஊரை விட்டு ஓடிப் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார். பிரிஸ்டலில் லின்ஃபுட் என்ற கணிதவியலாளரிடம் 1948இல் முனைவர் பட்டம். ஆய்வு முழுக்க முழுக்க ஒளியியல்: லென்ஸ் பிழைகள், விளிம்பு விளைவு. அந்தச் சமயம் எடின்பரோவில் மாக்ஸ் பார்ன், தான் முன்பு ஜெர்மனில் எழுதிய ஒளியியல் நூலைப் புதிதாக எழுத ஒரு கூட்டாளியைத் தேடிக்கொண்டிருந்தார். ஹோலோகிராஃபி கண்டுபிடித்த டென்னிஸ் காபோர், இந்தப் பையனைக் கூப்பிடுங்கள் என்று சிபாரிசு செய்தார். 1951இல் வுல்ஃப் எடின்பரோ போனார். அந்தக் கூட்டில் வந்த பெரிய புத்தகம் 1959இல் வெளியாயிற்று. ஒளியியல் படிக்கிறவர்கள் "பார்ன் அண்ட் வுல்ஃப்" என்றே இன்றும் அதைச் சொல்வார்கள்.

அதே 1959இல் வுல்ஃப் ரோசெஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். அதே ஆண்டுதான் சுதர்சனும் ஹார்வர்டிலிருந்து ரோசெஸ்டருக்கு ஆசிரியராகத் திரும்பினார். ஒருவரிடம் ஒளியின் ஒத்திசைவுக் கோட்பாடு, அதாவது ஒளி அலைகள் எவ்வளவு தூரம் ஒழுங்காகச் சேர்ந்து ஆடுகின்றன என்ற கணக்கு, முழுதும் விரல் நுனியில்; இன்னொருவரிடம் புலக் கோட்பாட்டின் கருவிகள் எல்லாம் கூர்தீட்டித் தயார். 1960இல் ஒளியின் ஒத்திசைவைப் பற்றி முதல் ரோசெஸ்டர் மாநாடும் அங்கேயே நடக்கிறது. லேசர் பிறந்ததும் அதே ஆண்டு.

காற்றில் அப்போது இருந்த பெரிய கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1956இல் ஹான்பரி பிரவுன், ட்விஸ் இருவரும் இரண்டு கண்ணாடிகளில் சீரியஸ் விண்மீனின் ஒளியைப் பிடித்து, இரண்டு கருவிகளிலும் ஏற்ற இறக்கம் சேர்ந்தே வருகிறது என்று காட்டினார்கள். தனித்தனியாக வந்து சேரும் ஃபோட்டான்களுக்குள் என்ன பேச்சுவார்த்தை, இது நடக்கவே முடியாது என்று ஒரு கூட்டம் கச்சை கட்டியது. பர்செல் ஒரு சின்னக் குறிப்பில் விளக்கம் கொடுத்துச் சமாதானம் செய்தார். ஆனாலும் ஒளியை அலையாகவே வைத்துக் கணக்குப் போட்டால் போதுமா, குவாண்டம் கணக்கு கட்டாயமா என்ற கேள்வி தீரவில்லை. வுல்ஃபுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. சுதர்சனின் 1963 கட்டுரை அதற்குத்தான் பதில். ஒளிக்கற்றைகளின் புள்ளியியலில் பாதிச் செவ்வியல் விவரிப்பும் குவாண்டம் விவரிப்பும் சமானம் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்.

கூரைமேல் காகம்:

எல்லாம் சரி வாத்தியாரே. சொல்லிக்கொடுத்தவர் வுல்ஃப், கண்டுபிடித்தவர் சுதர்சன், பரிசு வாங்கினவர் யார்? 2005 நோபலில் பாதி ராய் கிளாபருக்கு. மீதிப் பாதி ஜான் ஹாலுக்கும் தியோடோர் ஹென்ஷுக்கும். சுதர்சனே நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதவேண்டிய நிலை. இதைப் பேசாமல் குரு பரம்பரை பேசி என்ன பண்ண?

அலைநீளம்:

காகம், தேதிகளை மட்டும் வரிசையாகப் பார்ப்போம். எல்லாமே 1963.

பிப்ரவரி 1: கிளாபரின் சிறு கட்டுரை, ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸில். கோஹிரன்ட் நிலைகளை (செவ்வியல் அலைக்கு மிக நெருங்கின ஒளி நிலைகள்) வைத்து ஃபோட்டான் தொடர்புகளைப் பேசுகிறார்.
ஏப்ரல் 1: சுதர்சனின் கட்டுரை, அதே இதழில். எந்த ஒளிப்புலத்தையும் கோஹிரன்ட் நிலைகளின் மூலைவிட்டக் கலவையாக எழுதலாம் என்கிறார்.
ஜூன்: கிளாபரின் நீண்ட கட்டுரை, ஒளி ஒத்திசைவின் குவாண்டம் கோட்பாடு. முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று தொடர்புச் சார்புகளை அடுக்கிய கட்டுரை இதுதான்.
செப்டம்பர்: கிளாபரின் அடுத்த நீண்ட கட்டுரை. "பி" என்ற எழுத்து இதில்தான் அந்தச் சூத்திரத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

கோஹிரன்ட் நிலைகளை ஒளிக்கு அடிப்படையாக வைத்த பெருமையைச் சுதர்சன் தரப்பு என்றைக்கும் கிளாபரிடமிருந்து பறிக்கவில்லை. மூலைவிட்டச் சூத்திரம், அதுவும் எல்லா ஒளிக்கும் பொருந்தும் என்ற கூற்று, ஏப்ரல் கட்டுரையில் வந்தது. அதற்கு உரிய பெயர் வேண்டும் என்பதுதான் வழக்கு. என்னைக் கேட்டால் வழக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிளாபருக்குப் பரிசு கொடுத்தது தவறு என்று அதை நீட்டினால் நான் உங்களோடு வரமாட்டேன். ஜூன் கட்டுரை ஒன்றே போதும் அவருக்கு. இன்னொரு பெயரும் இந்தப் பேச்சில் அடிக்கடி விடுபடுகிறது: ஜான் கிளாடர். பிரின்ஸ்டனில் வீலரின் மாணவர். 1960லேயே இந்த நிலைகளின் கணிதத்தைத் தோண்டி எடுத்து வைத்திருந்தார். பின்னால் சுதர்சனும் கிளாடரும் சேர்ந்து 1968இல் குவாண்டம் ஒளியியலுக்கு ஒரு பாடநூலே எழுதினார்கள்.

நிலாவின் கேள்விக்கு வருகிறேன். கிளாபரின் நெறியாளர் யார் தெரியுமா? ஷ்விங்கர். 1949இல் முனைவர் பட்டம், தலைப்பு மெசான் புலங்கள். சுதர்சனும் பட்டத்துக்குப் பின் அதே ஷ்விங்கரிடம் இருந்தவர். பெயருக்காக மோதிக்கொண்ட இரண்டு பேரும் ஒரே வீட்டுக் கல்வியைப் பெற்றவர்கள். இருவருக்கும் ஒளியியல் படிப்பு கிடையாது.

எம்எஸ்சி இரண்டாம் ஆண்டு:

மன்னிக்கவும், பெரியவர்கள் பேசும் இடத்தில் சின்னக் கேள்வி. இந்தப் பி என்பது என்ன? எங்கள் பாடத்தில் ஒரு பக்கம்தான் வருகிறது, சூத்திரத்தை எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

அலைநீளம்:

தம்பி, இதில் சின்னக் கேள்வி பெரிய கேள்வி எல்லாம் இல்லை.

நல்ல லேசரிலிருந்து வரும் ஒளியின் நிலையைக் கோஹிரன்ட் நிலை என்கிறோம். செவ்வியல் அலைக்கு மிக நெருங்கின குவாண்டம் நிலை அது. வீச்சு, கட்டம் இரண்டையும் சேர்த்து ஒரு கலப்பெண்ணால் அதைக் குறிக்கலாம். இப்போது கையில் வேறு ஏதோ ஓர் ஒளி இருக்கிறது. அதை, இந்தக் கோஹிரன்ட் நிலையில் இவ்வளவு, அந்தக் கோஹிரன்ட் நிலையில் இவ்வளவு என்று கலந்து எழுத முடிந்தால், அந்த "இவ்வளவு"தான் பி. கலப்பெண் தளத்தின் மேல் விரித்த ஓர் எடைச் சார்பு.

லேசருக்கு ஒரே புள்ளியில் ஊசிபோல நிற்கும், அதாவது டெல்டா சார்பு. விளக்கின் வெப்ப ஒளிக்கு மணி வடிவக் காஸியன். இரண்டும் யோக்கியமான நிகழ்தகவுகள். ஆகவே செவ்வியல் அலை வீச்சு அங்குமிங்கும் தடுமாறுகிறது என்று சொல்லியே காரியத்தை முடித்துவிடலாம். ஹான்பரி பிரவுன் விளைவு இந்தக் கணக்கில்தான் அடங்கிவிடுகிறது.

வம்பு எங்கே வருகிறது என்றால், சரியாக ஒரே ஒரு ஃபோட்டான் இருக்கும் நிலைக்குப் பி எழுதிப் பார்த்தால் டெல்டா சார்பின் வகைக்கெழுக்கள் வந்து நிற்கும். எடை மைனஸிலும் போகும். சமையல் குறிப்பில் "உப்பு, மைனஸ் இரண்டு சிட்டிகை" என்று எழுதினது மாதிரி. சூத்திரம் சரிதான், ஆனால் அப்படி ஒரு கலவையைச் செவ்வியல் உலகில் யாரும் கலக்க முடியாது. பி யோக்கியமான நிகழ்தகவாக இல்லையென்றால் அந்த ஒளி செவ்வியல் அல்லாதது. இன்றுவரை இதுதான் உரைகல்.

இதே இடத்தில்தான் அன்றைக்குக் கிளாபர் தரப்பு தயங்கியது. இப்படி வகைக்கெழுக்களை முடிவில்லாமல் அடுக்கினால் அதற்குக் கணித அர்த்தம் உண்டா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1960களின் நடுவில் அதைச் சரிக்கட்டவே தொடர்ச்சியாகக் கட்டுரைகள் வந்தன. ரோசெஸ்டர் பக்கத்திலிருந்து சி.எல். மேத்தா, 1967இல் ஒரு நிலை கொடுத்தால் பி-யைத் திருப்பிக் கண்டுபிடிக்கும் வாய்பாட்டையே தந்தார்.

எம்எஸ்சி இரண்டாம் ஆண்டு:

மைனஸ் இரண்டு சிட்டிகை! இப்போதுதான் தலையில் ஏறியது. நன்றி அண்ணா.

நிலாத்தடம்:

வுல்ஃப் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பம்பாய்க் காலத்தை எல்லாரும் ஒரு வரியில் கடந்துபோகிறோமோ என்று சந்தேகம். 1952 முதல் 55 வரை டாடா நிலையத்தில் இருந்தார். ஹோமி பாபா கட்டிய இடம். அங்கே டிராக் வந்து விரிவுரை நிகழ்த்தினார். அந்த விரிவுரைக் குறிப்புகளை எழுதித் தொகுத்தவர்கள் கே.கே. குப்தாவும் சுதர்சனும். 1955இல் நிலையமே அதை வெளியிட்டது.

மின்காந்தப் புலத்தைக் குவாண்டமாக்கும் வேலையை 1927இல் தொடங்கி வைத்ததே டிராக். அவர் வாயிலிருந்து வந்த வாக்கியங்களை 23, 24 வயதில் ஒவ்வொன்றாகப் பிடித்து, சமன்பாடு சரிபார்த்து எழுதுவதைவிட வேறென்ன பயிற்சி வேண்டும்? டிராக் அதிகம் பேசாதவர், ஒரு சொல்லைக்கூட வீணாக்காதவர் என்பது ஊரறிந்தது. குறிப்பெடுக்கிறவருக்குச் சௌகரியமா சங்கடமா தெரியவில்லை. ஆனால் சுதர்சனின் 1963 கட்டுரையைப் படித்தால் அந்தச் சிக்கனத்தின் வாசனை அடிக்கிறது. மூன்றே பக்கம்.

பழைய வாத்தியார்:

டிராக் குறிப்புகளை நினைவூட்டியதற்கு நன்றி நிலா, அது என் பதிலில் விட்டுப்போயிற்று. இன்னொரு சென்னைத் தொடர்பும் இருக்கிறது. 1961இல் சுதர்சன், பி.எம். மாத்யூஸ், ஜெயசீதா ராவ் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை. சுற்றுச்சூழலோடு உறவாடும் குவாண்டம் அமைப்பின் நிலை எப்படியெல்லாம் மாற முடியும் என்பதற்குப் பொதுவான கணித வடிவம் கொடுத்தார்கள். இந்த மாத்யூஸ்தான் பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, வெங்கடேசனோடு சேர்ந்து நம் ஊர் எம்.எஸ்சி. மாணவர்கள் எல்லாரும் சுமக்கும் குவாண்டம் பாடநூலை எழுதியவர். தம்பியின் பையிலும் ஒரு பிரதி கிடக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த 1961 கட்டுரையின் தொடர்ச்சிதான் 1976இல் கொரினி, கொசகோவ்ஸ்கி, சுதர்சன் சமன்பாடு. தனியாக லிண்ட்பிளாடும் அதே ஆண்டு அதே முடிவுக்கு வந்தார். குவாண்டம் ஒளியியலில் ஒளி கசிவதையும் அணு சிதைவதையும் கணக்கிட இன்றைக்குப் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள். மொத்தத்தில் 1963க்கு இரண்டு ஆண்டு முன்பே அவர் கலப்பு நிலைகளை உருட்டிப் புரட்டிப் பழகியிருந்தார். வானத்திலிருந்து குதிக்கவில்லை.

கூரைமேல் காகம்:

மார்ஷாக்கைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே? 1957 ஏப்ரலில் ரோசெஸ்டர் மாநாடு. சுதர்சன் கையில் வி மைனஸ் ஏ கோட்பாடு, அதாவது வலுவற்ற இடைவினைக்கான விளக்கம், தயார். ஆனால் மாணவர், அதனால் மேடை கிடையாது. நெறியாளரோ வேறு விஷயம் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார். செப்டம்பரில் இத்தாலியில் பாதுவா மாநாட்டில்தான் வெளியே வந்தது. மாநாட்டுத் தொகுதி அச்சாகி வருவதற்குள் 1958 ஜனவரியில் ஃபைன்மனும் கெல்-மானும் தங்கள் கட்டுரையைப் போட்டுவிட்டார்கள். ஒருவருக்கு ஒரு தடவை நடந்தால் விதி. இரண்டு தடவை நடந்தால்?

பழைய வாத்தியார்:

நடந்தது நீங்கள் சொன்னபடிதான். மார்ஷாக்கின் தயக்கம் மாணவருக்கு விலையானது என்பதையும் மறுக்க முடியாது. அந்தச் சமயத்தில் சில சோதனைகள் அந்தக் கோட்பாட்டுக்கு எதிராக நின்றன என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சோதனைகள்தான் தப்பாக இருக்கவேண்டும் என்று துணிந்து எழுதினார்கள், பின்னால் அப்படியே ஆயிற்று. மாணவரின் அவ்வளவு பெரிய கூற்றின் கீழே தன் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டவர் மார்ஷாக். ஃபைன்மனும் பின்னாளில், கண்டுபிடித்தவர்கள் சுதர்சனும் மார்ஷாக்கும், பிரபலமாக்கியது நானும் கெல்-மானும் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார்.

மார்ஷாக் யாருடைய மாணவர் என்றும் பாருங்கள்: கார்னெலில் ஹான்ஸ் பெத்தே. பெத்தே மியூனிக்கில் சோமர்ஃபெல்டின் மாணவர். இந்த வழியில் வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேள்வி எந்தத் துறையிலிருந்து வந்தது என்று பார்க்கமாட்டார்கள், கணக்காகப் போடமுடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். சுதர்சனுக்கு மார்ஷாக் தந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மட்டுறுத்துநர்:

நோபல் பஞ்சாயத்துக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே கல்விப் பின்னணியோடு நிற்கவும்.

நிலாத்தடம்:

இதுவரை வந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. முதல் தலைமுறையில் யாரும் குவாண்டம் ஒளியியலில் பட்டம் வாங்கவில்லை. கிளாபர்: மெசான். அதற்கு முன்பே 18 வயதில் லாஸ் அலாமோஸில் வேலை. சுதர்சன்: பீட்டா சிதைவு. லெனார்ட் மாண்டல்: பெர்லினில் பிறந்து, லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் 1951இல் அணுக்கரு இயற்பியலில் பட்டம். பிறகு ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் தொழிற்சாலையில் வேலை, அப்புறம் இம்பீரியல் கல்லூரி, 1964இல்தான் ரோசெஸ்டர். வுல்ஃப் ஒருவர்தான் ஒளியியல்காரர், ஆனால் அவருடையது குவாண்டம் இல்லை.

ஆக "யாரிடம் படித்தார்" என்ற கேள்வியே இவர்களுக்குப் பொருந்தாது. துறையே இல்லாதபோது நெறியாளர் எங்கிருந்து வருவார்? பக்கத்து அறைக்காரரும் தேநீர் நேரச் சண்டையும்தான் குரு. பரம்பரை என்று பேசுவதெல்லாம் இரண்டாம் தலைமுறையிலிருந்துதான்.

வடதிசை:

ஒத்துக்கொள்ள மாட்டேன் நிலா. அமெரிக்காவை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள். பாரிஸுக்கு வாருங்கள். ஆல்ஃபிரட் காஸ்லர், ழான் பிரொஸெல் இருவரும் எக்கோல் நார்மலில் 1950களிலேயே ஒளியைக் கொண்டு அணுக்களை வேண்டிய நிலைக்குத் தள்ளும் ஒளிப் பம்பிங் வேலையைச் செய்தார்கள். அவர்களிடம் கிளாட் கோஹன்-தனூஜி 1962இல் பட்டம் முடித்தார். அவரிடம் செர்ஜ் அரோஷ் 1971இல். காஸ்லருக்கு 1966 நோபல், கோஹன்-தனூஜிக்கு 1997, அரோஷுக்கு 2012. ஒரே ஆய்வகம், மூன்று தலைமுறை. இதைவிடச் சுத்தமான குரு பரம்பரை எங்கே இருக்கிறது?

அதன் பலனையும் பாருங்கள். அரோஷ் கூட்டம் கட்டிய குழி: மீக்கடத்துக் கண்ணாடிகள் இரண்டு, நடுவில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி. நுண்ணலை ஃபோட்டான் ஒன்று அதற்குள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் உயிரோடு இருக்கும். அதற்குள் முன்னும் பின்னும் மோதி அது கடக்கும் தூரம் பூமியை ஒரு சுற்று சுற்றுவதற்குச் சமம். அந்த நேரத்தில் அணுக்களை ஒவ்வொன்றாகக் குழி வழியே அனுப்பி, ஃபோட்டானை அழிக்காமலேயே "இருக்கிறாயா" என்று கேட்டார்கள். ஆய்வேட்டில் அணுவையும் ஃபோட்டான்களையும் ஒரே அமைப்பாகப் பார்க்கப் படித்தவர், நாற்பது ஆண்டு அதையே கூராக்கினார். பக்கத்து அறைத் தேநீரில் இது வராது.

பழைய வாத்தியார்:

வடதிசை சொல்வதில் வலு இருக்கிறது. ஆனால் அந்தப் பரம்பரையின் தலையில் நிற்கும் காஸ்லரைப் பாருங்கள். படிப்பு முடித்துவிட்டு 5 ஆண்டு பள்ளிக்கூட வாத்தியார்! முல்ஹவுஸ், கொல்மார், போர்தோ என்று ஊர் ஊராகப் பாடம் நடத்தினார். பட்டம் வாங்கினதே 1936இல், போர்தோவில். (என்னைப் போல ஒரு வாத்தியார் நோபல் வரை போனதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.) அதனால் நிலா சொல்வதும் நிற்கிறது. பாரிஸில் பரம்பரை பத்துப் பதினைந்து ஆண்டு முன்னதாகத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அரோஷும் பட்டம் முடித்த கையோடு ஸ்டான்ஃபோர்டில் ஆர்தர் ஷாலோவிடம் போய் லேசர் பழகிவிட்டுத்தான் திரும்பினார். வீட்டுச் சாப்பாடு மட்டும் போதவில்லை.

அலைநீளம்:

பரம்பரை என்றால் ராபியை விட்டுவிட முடியாது. கொலம்பியாவில் ஐசிடோர் ராபியிடம் 1939இல் ஷ்விங்கர், 1940இல் நார்மன் ராம்சே. ஷ்விங்கரின் மாணவர் கிளாபர். ராம்சேயின் மாணவர் டேவிட் வைன்லாண்ட், 1970இல் ஹார்வர்டில் பட்டம், பிறகு டெமெல்ட்டிடம் அயனிப் பொறி (மின்னேற்ற அணுக்களை ஓரிடத்தில் பிடித்து வைக்கும் கருவி) பழகியவர். ஆக 2005இல் பரிசு வாங்கிய கோட்பாட்டாளரும் 2012இல் அரோஷோடு பரிசு பகிர்ந்த சோதனையாளரும் ராபிக்குப் பேரன்கள்.

இதில் சுதர்சனும் வந்து சேருகிறார். 1977இல் அவரும் பைத்யநாத் மிஸ்ராவும் குவாண்டம் ஜீனோ விளைவைச் சொன்னார்கள்: ஓர் அமைப்பை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அது மாறாமல் நின்றுவிடும் என்று. 1990இல் வைன்லாண்டின் குழு பெரிலியம் அயனிகளை வைத்து அதைச் சோதித்துக் காட்டியது.

இரண்டாம் தலைமுறையில் எனக்குப் பிடித்த கிளை நியூசிலாந்து. டான் வால்ஸ் 1969இல் கிளாபரிடம் பட்டம் வாங்கி, ஊர் திரும்பி வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்தார். அவருடைய மாணவர் ஹாவர்ட் கார்மைக்கேல். இருவரும் 1976இல், ஒற்றை அணு உமிழும் ஃபோட்டான்கள் ஒன்றையொன்று ஒட்டி வரமாட்டா, இடைவெளி விட்டே வரும் என்று கணித்தார்கள். அடுத்த ஆண்டே ரோசெஸ்டரில் மாண்டலும் அவருடைய மாணவர்கள் கிம்பிள், டாகனே இருவரும் சோடியம் அணுக்களில் அதை அளந்துவிட்டார்கள். பி யோக்கியமான நிகழ்தகவாக இருந்தால் இப்படி நடக்கவே முடியாது. அதாவது ஒளிக்குக் குவாண்டம் கணக்கு கட்டாயமா என்ற 1956 கேள்விக்கு, கிளாபரின் பேரனும் மாண்டலின் மாணவரும் சேர்ந்து ஆம் என்று பதில் சொன்னார்கள். வால்ஸ் 1999இல் காலமானார், வயது ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோதான். அவர் மாணவர்கள்: கார்மைக்கேல், டிரம்மண்ட், மில்பர்ன். துறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர்களே போதும்.

கூரைமேல் காகம்:

சுதர்சன் நெறியாளராக எப்படி? அவரிடம் படித்தவர்கள் யார்? நம் பக்கம் யாராவது?

பழைய வாத்தியார்:

நல்ல கேள்வி, மட்டுறுத்துநரும் கோபிக்கமாட்டார்.

முதலில் என். முகுந்தா. 1964இல் ரோசெஸ்டரில் சுதர்சனிடம் பட்டம். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். வுல்ஃபின் மாணவரான ஜி.எஸ். அகர்வாலையும் பக்கத்தில் வைக்கவேண்டும், 1969இல் பட்டம். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் நெடுநாள், பின்பு அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வக இயக்குநர். இந்தியாவில் குவாண்டம் ஒளியியல் என்று ஒரு துறை காலூன்றியதில் ரோசெஸ்டரின் இந்த இரண்டு கிளைக்கும் பெரும்பங்கு உண்டு.

1980களில் சுதர்சன் டெக்சாஸில் இருந்துகொண்டே சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய மேட்சயின்ஸ்தான் அது. அந்தக் காலத்தில் முகுந்தா, ஆர். சைமன், சுதர்சன் மூவரும் சேர்ந்து, பகுதி ஒத்திசைவுள்ள ஒளிக்கற்றைகள் லென்ஸ்கள் வழியாகப் போகும்போது என்ன ஆகின்றன என்று வரிசையாக எழுதினார்கள். வுல்ஃபின் கேள்வி, ஆனால் கையாண்ட கருவி குலக் கோட்பாடு, அதாவது சமச்சீர்களின் கணிதம். அந்தச் சைமன் 2000இல் தரமணியிலிருந்து, காஸியன் நிலையில் உள்ள இரண்டு ஒளிப்புலங்கள் குவாண்டம் முறையில் பின்னிப் பிணைந்திருக்கின்றனவா என்று சோதிக்கும் அளவுகோலைத் தந்தார். அதே கேள்விக்கு டுவான், கீட்கே, சிராக், ஸோலர் நால்வரும் வேறு வழியில் விடை கண்டிருந்தார்கள். இரண்டு கட்டுரையும் ஒரே இதழில் அடுத்தடுத்து அச்சாயின. சைமனின் நிரூபணத்தைத் திறந்து பாருங்கள்: இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திருகினபின் பி யோக்கியமான நிகழ்தகவாக ஆகிவிட்டால் பிணைப்பு இல்லை என்பதுதான் அதன் முதுகெலும்பு.

எம்எஸ்சி இரண்டாம் ஆண்டு:

வாத்தியார் ஐயா, அண்ணா, இந்த ஆண்டு முடிந்ததும் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறேன். குவாண்டம் ஒளியியல்தான் ஆசை. பெரிய பெயர் உள்ள நெறியாளரைத் தேடுவதா, நல்ல குழு உள்ள இடத்தைத் தேடுவதா?

வடதிசை:

சோதனை என்றால் நெறியாளரும் ஆய்வகமும்தான் எல்லாம். கண்ணாடியைச் சீராக்குவதைப் புத்தகம் சொல்லித்தராது. அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் லேசர் இருக்கிறதா, அல்லது நீங்கள் போய்த்தான் வாங்கவேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

பழைய வாத்தியார்:

கோட்பாடு என்றால் நெறியாளரின் பெயரைவிட அவருடைய கடைசி மூன்று மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், அவர்கள் பெயர் கட்டுரையில் முதலில் வருகிறதா, மாநாட்டில் யார் பேசுகிறார்கள் என்று பார். அவர்களுக்கே மின்னஞ்சல் போட்டுக் கேள், கூச்சப்படாதே. அந்தத் துறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். வாரக் கருத்தரங்குப் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: பக்கத்துத் துறைக்காரர்கள் வந்து பேசுகிறார்களா, அல்லது ஒரே குழு தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறதா என்று.

எம்எஸ்சி இரண்டாம் ஆண்டு:

கேட்கிறேன் ஐயா. 1963 கட்டுரைகளில் எதை முதலில் படிக்கலாம்?

அலைநீளம்:

சுதர்சனின் மூன்று பக்கத்தில் தொடங்காதே, பாதி வரிக்கு நடுவே ஒரு பக்கக் கணக்கு ஒளிந்திருக்கும். கிளாபரின் ஜூன் கட்டுரையை முதலில் எடு, அவர் பொறுமையாகக் கைப்பிடித்துக் கூட்டிப்போவார். தொடர்புச் சார்புகள் புரிந்ததும் சுதர்சனுக்கு வா. மூலைவிட்டச் சூத்திரத்தை ஒற்றை ஃபோட்டான் நிலைக்கு நீயே பென்சிலால் போட்டுப் பார். டெல்டாவின் இரண்டாம் வகைக்கெழு வந்தால் சரி. வராவிட்டால் கணக்கை இங்கேயே ஒட்டு, பார்க்கலாம்.